எண்ணில் வந்த சேதி

ஷின்யா குளிக்கப் போயிருந்தான். மேசைமேல் இருந்த அவன் போன் மின்னியது.

3341.

அவன் மனைவி யுகாரி போனைக் கையில் எடுத்தாள். எண்களின் ஒலியை ஜப்பானிய மொழியில் கூட்டிப் படித்தால் சா-மி-ஷி-இ. 'தனியாத் தவிக்கிறேன்' என்று அர்த்தம். பள்ளிக்கூட நாளில் அவளும் ஷின்யாவும் எண் மட்டுமே அனுப்ப முடிந்த பேஜரில் இப்படித்தான் காதலித்தார்கள்.

அனுப்பியது யார்? பேர் இல்லை. ஒரு மீன் படம் மட்டும்.

மறுநாள், சாப்பாட்டுப் பெட்டி கட்டும் கடையில் சோற்றை அடைத்துக்கொண்டே, கூட வேலை பார்க்கும் சின்னப் பெண் மிஹோவிடம் கொட்டினாள்.

"இன்னிக்குக் காலையில 0840 வந்திருக்கு. ஒஹாயோ! குட் மார்னிங்காம்!"

"எங்க செட்டு நெட்டுல 39ன்னா நன்றி, 888ன்னா கைதட்டல். அதோட சரி. 3341 எல்லாம் உங்க காலத்து பாஷைக்கா." மிஹோ கண்ணைச் சுருக்கினாள். "அப்ப ஆளு சின்னப் பொண்ணு இல்ல. யாரோ பழைய கிளாஸ்மேட்டு!"

"வாயைக் கழுவுடி."

"ஞாயித்துக்கிழமையானா எங்க போறாரு?"

"மீன் பிடிக்க."

"மீன் வீட்டுக்கு வந்துச்சா?"

யுகாரியின் கை நின்றது. ஒரு நெத்திலிகூட வந்ததில்லை.

ஞாயிறு காலை தூண்டிலோடு கிளம்பியவனைப் பின்தொடர்ந்தாள். ரயிலில் அடுத்த பெட்டி. நுமாசுவில் இறங்கிய ஷின்யா, தூண்டிலை ஸ்டேஷன் லாக்கரில் வைத்துப் பூட்டினான். பேக்கரிக்குள் புகுந்து புட்டிங் வாங்கினான்.

'எனக்கு ஒருநாள் வாங்கியிருப்பியா?' பல்லைக் கடித்தாள்.

மலையோரமாக ஒரு மூன்று மாடிக் கட்டடம். இருந்த ஆத்திரத்தில் அவள் போர்டைக்கூடப் படிக்கவில்லை. அவன் பின்னாலேயே படியேறினாள்.

கடைசி அறை. உள்ளேயிருந்து குழைவான குரல்.

"கொஞ்சம் கன்னத்தைக் காட்டுங்க... ம்... அசையாம..."

கதவைப் படீரென்று தள்ளினாள்.

சக்கர நாற்காலியில் ஒரு கிழவர். முகமெல்லாம் சோப்பு நுரை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஷின்யா கையில் ரேசர்.

"அப்பா!"

கல்யாணத்தன்று கதவைச் சாத்திக்கொண்ட அப்பா. அதற்கப்புறம் அவளும் அந்தக் கதவைத் தட்டியதில்லை.

"பக்கவாதம்," என்றான் ஷின்யா மெதுவாக. "அவர் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குத்தான் போன் பண்ணார். நான்தான் இந்த முதியோர் இல்லத்துல சேர்த்தேன். பேச்சு போயிடுச்சு. ஒரு விரல்தான் அசையுது, எழுத்துத் தட்ட வரல. அதான் நம்ம நம்பர் பாஷையைச் சொல்லிக் குடுத்தேன்."

"என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"இந்தக் கோலத்துல நீ பார்க்கக் கூடாதுன்னு பிடிவாதம். உன்னைக் கூட்டிட்டு வரட்டுமான்னா வேண்டாம்னு தலையை ஆட்டுறார். சாயங்காலமானா 3341 அனுப்புறார். அது எனக்கா, யுகாரி? உனக்கு."

அவள் அப்பாவின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"லாரிக்காரன் என் முகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு உங்களைச் சொன்னவராச்சே..." ஷின்யாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதனாலதான்," ரேசரைத் தண்ணீரில் அலசினான் ஷின்யா. "நான் ஷேவ் பண்றப்ப இவர் கண்ணை இறுக்கி மூடிக்கிறார்."