இரண்டாம் எண்

அக்கா தயாரித்த கேள்வித்தாள் போன வாரம் தேர்வுக்கு முன்பே வெளியே போய்விட்டது. எப்படிப் போனது என்று திங்கட்கிழமைக்குள் காட்டாவிட்டால் கல்லூரியில் அவள் வேலை போய்விடும்.

"மாடி வீட்டுக்காரர்தான்டா. நம்ம வைஃபைல நுழைஞ்சு என் கம்ப்யூட்டரைக் குடைஞ்சிருக்காரு."

"அவருக்கு டிவி ரிமோட்டே பிடிபடாதுக்கா," என்றான் நெட்வொர்க் வேலை பார்க்கும் தம்பி.

ஆனாலும் கடவுச்சொல்லை மாற்றினான். வீட்டிலிருந்த மற்ற எல்லாவற்றையும் அணைத்தான். ரவுட்டரை நிறுத்தி மறுபடி போட்டான். இணைகிற கருவிகளுக்கு வருகிற வரிசையில்தான் அது எண் கொடுக்கும். ஒன்று அதற்கே. முதலில் வருபவருக்கு இரண்டு.

அக்கா தன் கம்ப்யூட்டரை இணைத்து, ரவுட்டர் அதற்குக் கொடுத்த ஐ.பி. முகவரியை அமைப்புகளில் தேடிப் படித்தாள். கடைசி எண் மூன்று.

"பாத்தியா? யாரோ முந்திக்கிட்டாங்க."

தம்பி தன் போனை இணைத்து ரவுட்டரின் பட்டியலைத் திறந்தான். இரண்டாம் எண்ணுக்கு நேரே, ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்கும் பன்னிரண்டு எழுத்து அடையாளம் இருந்தது. கம்ப்யூட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டோடு அதை இரண்டு முறை ஒப்பிட்டான்.

"என்னடா, மாடி வீடா?"

"இல்லக்கா. உன் கம்ப்யூட்டர்தான். மூணாம் எண்ணுக்கு நேரேயும் இதே அடையாளம்தான். ஒண்ணுக்கு ஒரு எண்தானே கிடைக்கும்..."

அக்கா கம்ப்யூட்டரை அணைத்தாள். பேட்டரியையும் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு தம்பியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

மூன்று மறைந்துவிட்டது. இரண்டு அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில், அதிலிருந்து வெளியே எவ்வளவு அனுப்பப்பட்டிருக்கிறது என்று காட்டும் எண் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.