செவ்வியின் அரிசி

ஈரம் ஏறிய புற்றை விட்டு மேட்டுக்குப் போவதா, இருப்பதா என்று எறும்புகள் ஆளுக்கோர் அரிசி வைத்து வாக்களித்தன. போவோம் என்ற பக்கம் ஓர் அரிசி கூடுதல். தோற்ற பக்கம் மறுவாக்கெடுப்பு கேட்டது. அதிலும் அதே முடிவுதான். திரும்பவும் கேட்டது.

"குஞ்சுகளை மட்டுமாவது இப்பவே மேட்டுக்குக் கொண்டுபோவோம். நாம அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றது குஞ்சுகளை வளர்க்கும் செவ்வி.

"அக்கா, நீங்க எந்தப் பக்கம்?" என்று இரண்டு பக்கமும் சிரித்தன.

மூன்றாம் முறை எண்ணியபோது இரு பக்கமும் சமமாக இருந்தது.

"அக்கா, உங்க அரிசி எங்கே?" என்றது போவோம் என்ற பக்கம்.

"குஞ்சுங்க பசியில துடிச்சுது. ஊட்டிட்டேன்."

"அப்ப நாளைக்கு மறுபடியும் வைக்கணும்."

செவ்வி ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தது. இன்னும் நாற்பது குஞ்சுகள் இருந்தன.