ஏழு நாளில் ஒரு மணி நேரம்

நான் வீட்டுக்காவல் நாய். போன வருஷம் கணக்கெடுக்க வந்த காக்காகிட்ட, "நல்ல வேலையாத் தேடிக்கிட்டிருக்கேன்"னு பெருமைக்குச் சொல்லப்போக, அது என்னை 'வேலையில்லாதவர்'னு எழுதிட்டுப் போயிருச்சு. எதிர்வீட்டுப் பூனை வருஷம் முழுக்க அந்தப் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டுச்சு.

இந்தத் தடவை காக்கா வந்து மதில்ல உக்காந்ததும் எந்திரிச்சே நின்னேன்.

"போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது வேலை பாத்தியா? பாத்திருந்தா வேலையில இருக்கன்னு எழுதிருவேன்."

"எழுதிக்குங்க சார். திங்கக்கிழமை கூரியர்காரரைப் பாத்துக் குரைச்சது நாலு நிமிஷம்."

"வாலை ஆட்டிக்கிட்டுல்ல குரைச்சீங்க, மாமா!"ன்னுச்சு பூனை.

காக்கா ரெண்டு நிமிஷத்தைக் கழிச்சுது. கனவுல குரைச்சதையும் சேத்துக் கூட்டினேன். அம்பத்தெட்டு நிமிஷத்தைத் தாண்டல.

காக்கா இறக்கையை விரிச்சுது. மானம் போகுதேன்னு, "சார், ரெண்டே நிமிஷம் இருங்க"ன்னு கெஞ்சிட்டு, அந்தக் காக்காவையே பாத்துக் குரைச்சேன். அது பொறுமையா நின்னு கேட்டுட்டு, 'வேலையில் உள்ளவர்'னு எழுதிக்கிச்சு.

"இப்ப அவளைக் கேளுங்க"ன்னேன், மூச்சு வாங்க.

பூனை கொட்டாவி விட்டுச்சு. "நான் வேலை பாக்கவும் இல்ல, தேடவும் இல்ல."

"தேடாதவங்க வேலையில்லாதவங்க கணக்குல வரமாட்டாங்க"ன்னு காக்கா நோட்டை மூடுச்சு. "ரொம்ப சந்தோஷம். இந்தத் தெருவுல வேலையில்லாதவங்க ஒருத்தர்கூட இல்ல."

அது பறந்ததும் நான் திரும்பக் காவல்ல இறங்கினேன். சோறு வந்துருச்சுன்னு பூனைதான் வந்து எழுப்புச்சு.