கட்டிக்குச் சொந்தக்காரி

“என் கட்டியைத் திருப்பிக் கொடுங்க தம்பி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.”

ஆராய்ச்சியாளன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். ஆய்வுக்கூட வாசலில், கைப்பையை இடுக்கிக்கொண்டு தையற்கார அம்மாள் நின்றிருந்தாள். போன வருடம் இதே மருத்துவமனையில் அவள் வயிற்றிலிருந்து ஒரு கட்டியை அகற்றியிருந்தார்கள். அதன் செல்கள்தான் இப்போது அவனுடைய குடுவையில் வளர்கின்றன.

“உங்களுக்கு... யாரும்மா சொன்னது?”

“நர்சம்மாதான். என் கட்டியை வச்சு மருந்து கண்டுபிடிக்கிறீங்களாமே! எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, கட்டிக்குச் சொந்தக்காரிக்குத்தான் தெரியல.”

“வெட்டிப் போடற கழிவுதானேம்மா...”

“நான் சட்டை தைச்சு மிஞ்சின துணியைக்கூடச் சுருட்டிக் கையில கொடுத்துடுவேன். ‘வச்சுக்கட்டுமா’ன்னு ஒரு வார்த்தை கேட்டா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?”

அவன் முகம் தொங்கிப்போயிற்று. எத்தனையோ கட்டிகளிலிருந்து வளர்த்துப் பார்த்திருக்கிறான். பிழைத்தது இது ஒன்றுதான். இதுவும் போனால் மருந்தும் போச்சு, இத்தனை நாள் பாடும் போச்சு.

“தப்புதாம்மா. கேட்டிருக்கணும், மன்னிச்சுக்குங்க. ஆனா இதை வீட்டுல எங்க வைப்பீங்க?”

“சமையலறையில, உப்பு ஜாடிக்குப் பக்கத்துல.”

“ஐயோ, செத்துப்போயிடும்மா!”

“எனக்குள்ள இருந்தப்போ அது என்னைச் சாகடிக்கப் பார்த்துச்சு. நீங்க அதுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றீங்களாக்கும்!”

அவன் எழுந்து அலமாரியைத் திறந்தான். இரண்டு குடுவைகள் இருந்தன. ஒன்றில் அவளுடைய செல்கள். மற்றதில், யாருடையதோ, எப்போதோ செத்துப்போனவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதே இளஞ்சிவப்புத் தண்ணீர். செத்ததைக் கொடுத்தால் அந்த அம்மாளுக்கு என்ன தெரியப்போகிறது?

கை அந்தப் பக்கம் போயிற்று. ஒரு கணம் அங்கேயே நின்றது. கேட்காமல் எடுத்த பாவம் போதாதா, ஏமாற்றிய பாவம் வேறு எதற்கு? கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, உயிருள்ள குடுவையையே எடுத்தான்.

“இதாம்மா உங்களுது. வேற இல்ல, இது ஒண்ணுதான். குலுக்காம கொண்டு போங்க... குளிர் இதுக்கு ஆகாது.” நீட்டிய குடுவையை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

“பெத்த பிள்ளையை வெளியூருக்கு அனுப்பற மாதிரியில்ல கலங்கறீங்க!” என்றபடி வாங்கிக்கொண்டு, அவள் விறுவிறுவென்று வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தால், அதே தையற்கார அம்மாள். குடுவையை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி, அப்போதுதான் முதல்முறை பார்ப்பவள்போலச் சிரித்தாள்.

“உள்ளே வரலாமா தம்பி? நாலு பேர் பிழைக்கட்டும்னு என் பங்குக்கு ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். நீங்களா எடுத்துக்கிட்டா எனக்கு ஏது புண்ணியம்... இந்தாங்க, இப்ப நான் கொடுக்கறேன், வாங்கிக்குங்க!”