நிரம்பாத பை

"புகையே பிடிக்காத உத்தமருக்கு நுரையீரல்ல சந்தேகமாம். நல்லா வேணும்!"

பஞ்சர் கடைக்காரருக்கு மனசுக்குள் ஒரே குதூகலம். ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது மனைவியின் அண்ணன். ஒரு கல்யாண வீட்டில், பந்தி நடுவே, இவரைப் 'புகைக்கூண்டு' என்று சொல்லிச் சிரித்தவர். அன்றோடு பேச்சு வார்த்தை கிடையாது. வருஷம் பல ஓடியும் அந்தக் கோபத்தைத் துரு ஏறாமல் வைத்திருந்தார் கடைக்காரர்.

"நீங்கதான் அண்ணனைக் கூட்டிட்டுப் போகணும்" என்று மனைவி அழுதாள். போதாக்குறைக்கு, "அண்ணன் வெறும் வயித்தோட வர்றாரு. அவர் முன்னாடி காபி குடிச்சிடாதீங்க. சிகரெட்டும் கூடாது. பக்கத்துல புகை இருந்தாலே சோதனை கெட்டுடுமாம்."

விரோதிக்காக விரதம்! தலையெழுத்தை நொந்தபடி, வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தார். அந்த இருமலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்லி மனைவி கெஞ்சாத நாளில்லை. "எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி இருமுவார்.

நர்ஸ், குழாய் வைத்த ஒரு பையை மச்சானிடம் நீட்டினாள்.

"ஊதுங்க. மூச்சுக்காத்துல என்னென்ன கலந்திருக்குன்னு மெஷின் பார்க்கும். புற்றுநோய்னு சந்தேகம் வந்தா அடுத்து ஸ்கேன். பை நிறையணும், அவ்வளவுதான்."

மச்சான் ஊதினார். புஸ்ஸென்றது. இருமினார். மறுபடி புஸ். பை சப்பையாகவே கிடந்தது.

கடைக்காரருக்குக் கை பரபரத்தது. "சிஸ்டர், வயித்துலேர்ந்து ஊதணும்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"சிஸ்டர், எனக்கு வரலைன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலதானே உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள் நர்ஸ்.

மறுபடியும் புஸ்.

காற்றடித்தே வயிறு வளர்த்த மனுஷன். அரைகுறையாக நிற்கும் டயரைக் கண்டால் சோறு இறங்காது.

"கொடுய்யா இங்க!"

பிடுங்கினார். குழாயைச் சட்டையில் ஒரு துடை துடைத்தார். கண் பிதுங்க ஊதினார். பை கும்மென்று உப்பியது.

அப்புறம்தான் உறைத்தது. "ஐயையோ! இதுல இருக்கறது என் மூச்சாச்சே! அவர் சோதனையைக் கெடுத்துட்டேனே, சிஸ்டர்!"

"எதுவும் கெடலை. சோதனையே உங்களுக்குத்தான். அவர் குழாய்க்கு வெளியேதான் ஊதினாரு" என்றாள் நர்ஸ். "ஆனா நீங்க சரின்னு சொன்னாத்தான் இதை மெஷின்ல வைப்பேன். வைக்கட்டுமா?"

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். மச்சானின் இருமல் போன இடம் தெரியவில்லை. கண்கள் மட்டும் கலங்கியிருந்தன.

"தங்கச்சி ராத்திரியில தூங்கறதே இல்லை, மாப்ளே. நேரா கூப்பிட்டா வந்திருப்பீங்களா?"

கல்லு மாதிரி இருந்தவர், உப்பிய பையை நர்ஸிடம் நீட்டினார்.

"வைங்க சிஸ்டர்" என்றார். "மச்சானும் நானும் இங்கேயே இருக்கோம். இந்தப் புகைக்கூண்டுல எவ்வளவு கரி பிடிச்சிருக்குன்னு பார்த்துடுவோம்."