கேட்டதும் புரிந்ததும்

அலிப்பூர் வாடகை வீட்டின் மாடிக்கூடத்தில் ஜன்னல் கம்பிகள் வழியே காலை வெயில் கோடு கோடாக விழுகிறது. நாளைக்கு இங்கிலீஷ் பரீட்சை. செங்கமலம் கலங்கரை விளக்கத்தைப் பற்றிய பத்தியை உரக்கப் படித்து, அடியிலுள்ள கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. புத்தகத்தைச் சட்டென்று பாவாடைக்கடியில் தள்ளுகிறாள். வெள்ளைக்கார சார்ஜெண்ட் ஒருவன் நிலைவாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறான். அப்பா ஆபீசுக்குப் போயாயிற்று. அம்மா கதவுக்குப் பின்னால் ஒடுங்குகிறாள். சுதேசிக் கூட்டங்களுக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணன் நிகில்தாவைப் பார்த்தாயா என்று அவன் இங்கிலீஷில் கேட்கிறான். ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிகிறது. விடியற்காலையில் நிகில்தா இவர்கள் மொட்டைமாடி விறகு அறைக்குள் பதுங்கியதையும், அவளைப் பார்த்துக் கைகூப்பியதையும் வேறு யாரும் அறியார். “இங்ரேஜி ஜானி நா,” இங்கிலீஷ் தெரியாது என்று வங்காளியில் முணுமுணுக்கிறாள். அவன் படியேறும்போது, தான் இங்கிலீஷ் படித்த குரல் அவன் காதில் விழுந்திருக்குமோ? அவன் அவளையே வெறித்துப் பார்க்கிறான். பிறகு ஏதோ வைதுகொண்டே இறங்கிப் போகிறான். “என்னடி கேட்டான்?” என்று கேட்டுக்கொண்டே அம்மா வெளியே வருகிறாள். “தெரியல்லேம்மா. எனக்கு ஒண்ணுமே புரியல்லே,” என்கிறாள் செங்கமலம்.