மெல்பாவின் உச்ச வயது

பெஞ்சில் மெல்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தியக் கால்பந்து அணிக்காக இதுதான் அவளுடைய முதல் ஆட்டம்.

அவள் கால்கள் முப்பத்து நான்கு வயதில்தான் உச்சத்துக்கு வரும் என்று சிறுவயதில் எடுத்த மரபணுப் பரிசோதனையிலேயே சொல்லிவிட்டார்கள். அதற்குள் மூட்டு தேய்ந்துவிடக் கூடாதென்று அம்மா ஃபிலோமி அவளைப் பஸ் பிடிக்கக்கூட ஓடவிட்டதில்லை. நின்ற இடத்தில் பந்து தட்டிப் பழகியதோடு சரி. அந்த வயது நெருங்கியதும், போன வருடம்தான் முகாமுக்கு அழைத்து ஓட வைத்தார்கள்.

"இறங்குங்க மெல்பா," என்றார் பயிற்சியாளர்.

இறங்கிய சற்று நேரத்தில் பந்து அவளுக்கு முன்னால் உருண்டது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். மெல்பா பாய்ந்தாள்.

முன்வரிசையில் ஃபிலோமி தன்னை மறந்து எழுந்து கத்தினாள். "மக்ளே, ஓடாத. பைய போ."

மெல்பாவின் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றுவிட்டன. பந்து மட்டும் உருண்டுகொண்டே போனது.